பேட்டைக்குள் ஒரு நடை

நண்பர்கள் மலை நடைக்குக் கொடைக்கானல் போவார்கள். நான் பாளையம்பட்டிக்குப் போனேன். "அங்கே மலை ஏது?" என்று சிரித்தார் ஒருவர். மலையும் இல்லை, ஆறும் இல்லை. அருப்புக்கோட்டையை ஒட்டிய வறண்ட கரிசல் வெளியில் ஓர் ஊர், அவ்வளவுதான்.

ஆனால் மலைப் பாதையை விடக் கடினமான நடை இங்கே நடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில், தெற்கே பனங்காட்டிலிருந்து நாடார் வணிகர்கள் கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்தார்கள். வழியெல்லாம் கொள்ளைப் பயம். இரவில் மாட்டை அவிழ்த்துக் கட்ட ஒரு மதில், குடிக்க ஒரு கிணறு: அதுதான் பேட்டை. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி என்று அவர்களுக்கு ஆறு ஊர்கள் அமைந்தன.

செலவுக்குப் பணம்? சரக்குக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் கொடுத்த சில்லறைதான் 'மகமை'. கணக்கு உறவின்முறையாரிடம். பேட்டையோடு அது நிற்கவில்லை. 1889இல் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது. காமராஜர் படித்தது அங்கேதான்.

கோயில் கதவு மட்டும் திறக்கவில்லை. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்தவர்கள் மீது வந்த வழக்கு லண்டன் பிரிவி கௌன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. மதுரை மீனாட்சி சந்நிதிக்குள் அரிஜனங்களோடு நாடார் ஒருவரும் போனது 1939 ஜூலை 8இல்.

"கோயிலுக்குள்ளே விடலேன்னா என்ன ஐயா? பிள்ளையைப் படிக்க வைக்கிறதை யார் தடுக்க முடியும்?" என்றார் கடைக்காரப் பெரியவர்.

சிரித்த நண்பருக்காக அவரிடம் இரண்டு வட்டுக் கருப்பட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.