மாரல் மெஷின் ஆய்வு

ஓட்டுநர் இல்லாத கார் ஒன்று விபத்தைத் தவிர்க்கவே முடியாத நிலையில் யாருடைய உயிரைக் காக்க வேண்டும் என்று உலகெங்கும் உள்ள மக்களிடம் கேட்ட இணையவழி ஆய்வு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த மீடியா லேப் 2016-இல் இதைத் தொடங்கியது. எட்மண்ட் அவாத், இயாத் ரஹ்வான் முதலியோர் எழுதிய முடிவுகள் 2018 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. 233 நாடுகள், ஆட்சிப்பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 4 கோடி விடைகள் திரண்டன. செயற்கை நுண்ணறிவு பற்றிய அறக் கருத்துகள் பண்பாட்டுக்குப் பண்பாடு எவ்வாறு வேறுபடுகின்றன என்பதற்கு இன்றும் முதலில் எடுத்துக்காட்டப்படுவது இந்த ஆய்வுதான்.

இதன் வேர் இன்னும் பழையது. பிரிட்டிஷ் மெய்யியலாளர் ஃபிலிப்பா ஃபுட் 1967-இல் எழுதிய ஒரு கட்டுரையில் கட்டுப்பாடு இழந்து ஓடும் டிராம் வண்டி வருகிறது. நேரே போனால் தண்டவாளத்தில் வேலை செய்யும் ஐந்து பேர் இறப்பர். கிளைப்பாதையில் திருப்பினால் ஒருவர் இறப்பார். கருக்கலைப்பு பற்றிய அக்கட்டுரையில் இது வழியில் வந்த ஓர் எடுத்துக்காட்டுதான். அமெரிக்கரான ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1976-லும் 1985-லும் இதை விரித்தெழுதினார். ஐவரைக் காப்பதற்காகப் பாலத்தின் மேல் நிற்கும் ஒருவரைக் கீழே தள்ளலாமா என்ற அவருடைய வடிவம் மெய்யியல் வகுப்புகளில் நிலைபெற்றது.

ஆங்கில நூல்கள் பெரும்பாலும் இங்கிருந்தே வரலாற்றைத் தொடங்குகின்றன. அது சரியன்று. ஜெர்மன் சட்ட அறிஞர் கார்ல் எங்கிஷ் 1930-லேயே ரயில் பாதையை மாற்றும் பணியாளரின் இக்கட்டை ஆராய்ந்திருந்தார். 1951-இல் ஹான்ஸ் வெல்ட்செல் மீண்டும் அதை எடுத்துக்கொண்டபோது அது வெறும் புதிராக இல்லை. நாஜி ஆட்சியில் மனநோயாளிகளைக் கொன்ற திட்டத்தில், பலரைக் காப்பாற்றுவதற்காகச் சிலரைக் கைவிட்டோம் என்று சொன்ன மருத்துவர்களைச் சட்டம் எப்படி நடத்துவது என்பதே அவர் முன் இருந்த கேள்வி. ஜெர்மன் சட்டம் இன்றுவரை உயிர்களை ஒன்றுக்கொன்று ஈடாகக் கணக்கிட மறுப்பதை இந்தப் பின்னணி இல்லாமல் புரிந்துகொள்ள இயலாது. கடத்தப்பட்ட பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்த அனுமதித்த சட்டப்பிரிவை 2006 பிப்ரவரியில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கியது. மனித மாண்பைக் காக்கும், அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு அதற்கு அடிப்படையானது.

மாரல் மெஷின் ஒருவருக்கு 13 காட்சிகளைக் காட்டியது. ஒவ்வொன்றிலும் இரு வழிகள். ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். மனிதரா விலங்கா, பலரா சிலரா, இளையவரா முதியவரா, ஆணா பெண்ணா, பயணியா பாதசாரியா, சாலை விதியைப் பின்பற்றியவரா மீறியவரா, உடல் வலுவுள்ளவரா அற்றவரா, சமூகத்தில் உயர்ந்த நிலையினரா தாழ்ந்த நிலையினரா, கார் திரும்ப வேண்டுமா நேரே போக வேண்டுமா என ஒன்பது கூறுகள் மாறி மாறி வந்தன. விலங்கை விட மனிதரையும், சிலரை விடப் பலரையும், முதியவரை விட இளையவரையும் காக்கும் விருப்பம் உலக அளவில் ஓங்கியிருந்தது. மொத்தக் கணக்கில் குற்றவாளியை விட நாயைக் காக்கவே பலர் விரும்பினர்.

போதிய விடை கிடைத்த 130 நாடுகள் மூன்று தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. மேற்குத் தொகுதியில் வட அமெரிக்காவும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் உள்ளன. கிழக்குத் தொகுதியில் ஜப்பான், தைவான் ஆகியவற்றோடு இந்தோனேசியா, பாகிஸ்தான், சவூதி அரேபியா முதலியவை சேர்ந்தன. இங்கு இளையோரை முன்னிறுத்தும் விருப்பம் மிகவும் குறைவு. தெற்குத் தொகுதியில் லத்தீன் அமெரிக்க நாடுகளும், பிரான்சும் அதன் செல்வாக்குக்கு உட்பட்ட சில பகுதிகளும் அடங்கின; மனிதருக்கும் வளர்ப்பு விலங்குக்கும் இடையே இவர்கள் கண்ட வேறுபாடு பிறரை விடக் குறைவு. வருமான ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளில் உயர் நிலையினரைக் காக்கும் சாய்வு கூடியது. சட்ட அமைப்பு வலுவற்ற ஏழை நாட்டினர் விதி மீறிச் சாலையைக் கடப்பவரிடம் கடுமை காட்டவில்லை.

மூன்று தொகுதி வகைப்பாடு கவர்ச்சியானது, ஆனால் அதன் அடித்தளம் நொய்ந்தது. விடையளித்தோர் தாமாக இணையத்துக்கு வந்தவர்கள். அவர்களில் கல்லூரி படித்த இளம் ஆண்களே மிகுதி. தளம் இயங்கிய பத்து மொழிகளில் தமிழ் உட்பட இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. ஒரு நாட்டின் அறவுணர்வு என்று இதைக் கொள்வது அந்நாட்டின் மூதாட்டிகளையும் உழவர்களையும் விட்டுவிட்டுப் பேசுவதாகும். இதைவிடப் பெரிய குறை, எல்லாரையும் சமமாக நடத்து என்று சொல்லும் வாய்ப்பையே ஆய்வு தரவில்லை என்பது. யோகானன் பிக்மன், கர்ட் கிரே ஆகியோர் 2020-இல் அந்த வாய்ப்பைச் சேர்த்துக் கேட்டபோது, வயதும் பாலினமும் நிலையும் பாராத காரையே பெரும்பாலோர் நாடினர்.

இவ்வகையில் ஜெர்மனியின் நிலைப்பாடே உறுதியானது. முன்னாள் நீதிபதி உடோ டி ஃபாபியோ தலைமையிலான குழு தானாக ஓடும் வண்டிகள் பற்றி 2017-இல் அளித்த 20 விதிகளில் ஒன்பதாவது, தனிமனித அடையாளங்களைக் கொண்டு உயிர்களைத் தரம் பிரிப்பதைத் தடை செய்தது. 2021-இல் அது சட்டத்திலும் இடம்பெற்றது. இந்தியாவில் விவாதம் வேறு திசையில் சென்றது. ஓட்டுநர்களின் வேலை பறிபோகும் என்பதால் இத்தகைய கார்களை அனுமதிக்க மாட்டோம் என்று அமைச்சர் நிதின் கட்கரி 2017-இல் அறிவித்தார். பிழைப்பும் உயிர்ப் பிரச்சினைதான் என்ற இக்கோணத்துக்கு மாரல் மெஷினின் ஒன்பது கூறுகளில் இடமில்லை.

உண்மையில் நேர்ந்த விபத்தோ வேறு வகையானது. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில் ஊபரின் தானாக ஓடும் சோதனைக் கார் மோதி ஒரு பெண் இறந்தார். பாதசாரிக் கடவைக்கு வெளியே மனிதர் சாலையைக் கடக்கக்கூடும் என்பதை அதன் மென்பொருள் கணக்கில் கொள்ளவே இல்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. யாரைக் காப்பது என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

உயிரா சாவா என்ற முடிவைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கலாகாது என்பதைப் பொதுவிதியாகக் கூறும் யுனெஸ்கோ பரிந்துரையை 2021 நவம்பரில் 193 நாடுகள் ஏற்றன. அது எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதன்று.