பிள்ளைக்கு மாதம் ஐந்து டாலர்: கனடாவின் 'பேபி போனஸ்' கதை

1945 ஜூலை மாதம் கனடா நாட்டு வீடுகளுக்குத் தபாலில் காசோலைகள் வர ஆரம்பித்தன. அனுப்பியது மத்திய அரசு. எதற்காக? வீட்டில் பிள்ளை இருக்கிறதே, அதற்காக! அப்பாவுக்கு என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. ஐந்து வயது வரை மாதம் 5 டாலர், 6 முதல் 9 வயது வரை 6 டாலர், 10 முதல் 12 வரை 7 டாலர், 13 முதல் 15 வரை 8 டாலர். ஒரு வீட்டில் 4, 8, 11 வயதில் மூன்று பிள்ளைகள் என்றால் மாதம் 18 டாலர் கிடைக்கும். ஜனங்கள் இதற்கு வைத்த செல்லப் பெயர்தான் 'பேபி போனஸ்'.

எல்லோருக்கும் என்று சொல்லித்தான் திட்டம் வந்தது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் ஒளிந்திருந்தது. பிள்ளை எங்கே பிறந்தது? கனடாவில் பிறக்கவில்லை என்றால் அது மூன்று வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் காசோலை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இப்படி ஒரு உதவித்தொகை வேண்டும் என்று 1943இல் அரசுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்த லியனார்ட் மார்ஷ் கனடாவில் பிறந்தவர் அல்ல. லண்டனில் பிறந்து 1930இல் கனடாவுக்குக் குடியேறியவர்! பிரதமர் மெக்கன்ஸி கிங் அடுத்த வருடமே மசோதாவைக் கொண்டு வந்தார். நாடாளுமன்றத்தில் இரண்டாம் வாசிப்பில் ஆதரவு 139, எதிர்ப்பு பூஜ்யம். வெளியே எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஒன்டாரியோ மாகாண முதல்வர் ஜார்ஜ் ட்ரூ, பெரிய குடும்பங்கள் நிறைந்த கியூபெக்குக்கு நம் வரிப்பணம் போகிறது என்று கொதித்தார். அந்தப் பயத்துக்கு ஈடுகொடுப்பதைப்போல, ஐந்தாவது பிள்ளையிலிருந்து தொகை குறையும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள்.

கியூபெக்கில் வேறொரு சண்டை. மற்ற மாகாணங்களில் காசோலை அம்மா பெயருக்கு. கியூபெக்கில் மட்டும் அப்பா பெயருக்கு என்று முடிவானது, அங்கிருந்த குடும்பச் சட்டத்தைக் காரணம் காட்டி. தெரேஸ் காஸ்க்ரேன் என்ற பெண்மணி முன்னின்று போராடி, முதல் காசோலை கிளம்புவதற்குள் அதை அம்மாக்கள் பெயருக்கு மாற்ற வைத்தார். பால் வாங்குவதும் செருப்பு வாங்குவதும் யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன!

மூன்று வருட விஷயத்துக்கு வருவோம். போரில் வீடு வாசல் இழந்து ஐரோப்பாவின் முகாம்களில் கிடந்தவர்கள் 1947 முதல் கப்பல் கப்பலாகக் கனடாவில் வந்து இறங்கினார்கள். சுரங்கத்துக்கும் மரம் வெட்டவும் ஆள் தேவை, அதனால் வரவேற்பு. நாலு வயதுப் பிள்ளையோடு வந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு, ஐந்து வயதுக்கு 24 மாதம், மாதம் 5 டாலர் வீதம் 120. ஆறாவது வயதுக்கு 12 மாதம், 6 டாலர் வீதம் 72. ஆக 192 டாலர். கையில் ஒன்றும் இல்லாமல் வந்து, குளிருக்குக் கோட்டு முதற்கொண்டு புதிதாக வாங்க வேண்டிய குடும்பத்துக்கு இல்லாமல் போன பணம் இது. ஊரிலேயே இருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அது மாதாமாதம் வந்துகொண்டிருந்தது.

அதே நேரத்தில் நியூஃபவுண்ட்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். அது அப்போது கனடாவில் சேராத தனித் தீவு. கனடாவோடு சேரலாமா என்று 1948இல் வாக்கெடுப்பு நடந்தபோது, சேர வேண்டும் என்று பிரசாரம் செய்த ஜோயி ஸ்மால்வுட் கையில் இருந்த பெரிய ஆயுதமே இந்தப் பேபி போனஸ்தான். மீனவர் வீடுகளில் ரொக்கத்தைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமாக இருந்த காலம். சேரலாம் என்று 52 சதவீதத்துக்குச் சற்று மேல் வாக்கு விழுந்தது. 1949 மார்ச் 31 அன்று இணைப்பு. அந்தத் தீவில் வசித்ததையும் கனடாவில் வசித்ததாகவே கருதலாம் என்று இணைப்பு ஒப்பந்தத்தில் ஒரு வரி. காத்திருப்பு காலி! அரசுக்கு மனம் இருந்தால் ஒரு வரி போதும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அதே 1949இல் குடியேறிகளின் காத்திருப்பும் மூன்று வருடத்திலிருந்து ஒன்றாகக் குறைந்தது. ஐந்தாவது பிள்ளைக்கான வெட்டும் போனது. மீதி இருந்த அந்த ஒரு வருடத்துக்கும் 1956இல் தனித் திட்டம் ஒன்று வந்தது, பிள்ளைக்கு மாதம் 5 டாலர் வீதம்.

அத்தோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். 1973இல் புதுச் சட்டம் வந்தது. தொகை சராசரியாக மாதம் 20 டாலராக உயர்ந்தது, வயது வரம்பு 18 ஆனது. கூடவே கேள்வியும் மாறியது. பிள்ளை எங்கே பிறந்தது என்பது போய், பெற்றோரிடம் என்ன காகிதம் இருக்கிறது என்பது வந்தது. அம்மா அப்பாவில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவராகவோ இருக்க வேண்டும். (தற்காலிக அனுமதியில் இருந்தவர்களுக்கும் சில நிபந்தனைகளோடு வழி வைத்திருந்தார்கள்.)

1986 ஆகஸ்டில், பேபி போனஸை நம்பிக் கனடாவில் சேர்ந்த அதே நியூஃபவுண்ட்லாந்தின் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காக்கும் படகுகளில் 155 இலங்கைத் தமிழர்கள் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். காப்பாற்றியது அந்தத் தீவின் மீனவர்கள். பிறகு வந்த ஆண்டுகளில் பல்லாயிரம் தமிழர்கள் டொரோண்டோவில் இறங்கி அகதி விண்ணப்பம் போட்டார்கள். விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு என்று வருடங்கள் ஓடின. அதற்குள் பிள்ளைகள் பிறக்காமல் இருப்பார்களா?

1993 ஜனவரியில் பழைய பேபி போனஸ் ஒழிந்து, வருமானத்தைப் பொறுத்த புது உதவித்தொகை வந்தது. பொறுப்பு வருமானவரித் துறைக்குப் போனது. யாருக்குக் கிடைக்கும் என்று வருமானவரிச் சட்டமே பட்டியல் போட்டது: குடிமக்கள், நிரந்தர அனுமதி பெற்றவர்கள், 18 மாதம் தொடர்ந்து வசித்த தற்காலிக அனுமதிக்காரர்கள், அகதி என்று ஏற்கப்பட்டவர்கள். பெற்றோரில் ஒருவர் இதில் வந்தால் போதும். ஆனால் அகதி என்று 'ஏற்கப்பட்டவர்' வேறு, 'விண்ணப்பித்தவர்' வேறு. தீர்ப்புக்குக் காத்திருக்கும் கணவன் மனைவிக்கு ஸ்கார்பரோவில் ஒரு பிள்ளை பிறந்தால் அது பிறந்த நிமிடமே கனடாக் குடிமகன். 1945இன் சட்டம் பார்த்திருந்தால் முதல் கேள்வியிலேயே பாஸ். 1993இன் சட்டம் பிள்ளையைப் பார்க்காமல் பெற்றோரின் கோப்பைப் பார்த்தது. கோப்பு நகரும்வரை பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை. அப்பா அதற்குள் வேலைக்குப் போய் வரி கட்டினாலும் இதே கதைதான்.

2016 ஜூலையில் தொகையை வெகுவாக உயர்த்தி, ஆறு வயதுக்குக் கீழ் ஆண்டுக்கு அதிகபட்சம் 6,400 டாலர், அதற்கு மேல் 17 வயது வரை 5,400 என்று இன்னொரு புதுத் திட்டம் வந்தது. அகதித் தீர்ப்புக்குக் காத்திருப்பவர் பற்றிய அந்தப் பட்டியல் அப்போதும் அப்படியே இருந்தது.

தீர்ப்பு சாதகமாக வந்ததும் நிரப்ப வேண்டிய படிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது. கனடா வருவதற்கு முன் குடும்பம் சம்பாதித்தது எவ்வளவு, கனடா டாலரில் எழுது என்று கேட்கும் பகுதி.