பனியாற்றிற் கிடந்த பயிற்சி விமானம்: ஒரு போர்க்கால விபத்தும் அதன் வரலாற்றுப் பொருளும்

இரண்டாம் உலக யுத்தத்தின் வரலாறு பெரும்பாலும் போர்க்களங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. களத்தை அடையாமலே, பகைவரின் முகத்தைக் காணாமலே மடிந்தோர் அவ்வரலாற்றில் ‘விபத்து’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். ஐக்கிய அமெரிக்கா போரில் ஈடுபட்டிருந்த ஆண்டுகளில் அந்நாட்டு இராணுவ வான்படையினர் ஏறத்தாழ 15,000 பேர் தம் சொந்த மண்ணிலேயே விமான விபத்துக்களில் இறந்தனர். இவர்களுட் பலர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளைஞர். இத்தொகையை மனங்கொள்ளுமிடத்து, ‘விபத்து’ என்ற சொல் எதனை விளக்குகிறது, எதனை மறைக்கிறது என்ற வினா எழுகின்றது. அவற்றுள் ஒன்றை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

1942 நவம்பர் 18 ஆம் நாட் காலை, கலிபோர்ணியாவின் சக்ரமென்டோ நகரை அடுத்திருந்த மேதர் வான்படைத் தளத்திலிருந்து ஏ.ரி.-7 ரக விமானமொன்று புறப்பட்டது. அதில் வில்லியம் காம்பர் என்ற விமானவோட்டியும், ஜோன் மோட்டென்சன், ஏர்னஸ்ட் மன், லியோ மஸ்டோனன் ஆகிய மூன்று பயிலுநரும் இருந்தனர். வயதில் மூத்தவருக்கும் இருபத்தைந்துக்கு மேல் இல்லை. வடக்கே கோர்ணிங் என்னும் சிற்றூர்வரை சென்று திரும்புவதே திட்டம். விமானம் திரும்பவில்லை, தேடலும் பயன் தரவில்லை.

அவர்கள் கற்றுக்கொண்டிருந்தது விமானமோட்டும் கலையன்று, வழிகாணும் கலை. ஏ.ரி.-7 அதற்கென்றே அமைக்கப்பட்ட இரட்டை இயந்திர விமானம். உள்ளே மூன்று மாணவருக்கு மூன்று வரைபட மேசைகள். கூரையில், விண்மீன்களை அளவிடுவதற்கான கண்ணாடிக் குமிழ். ஒரு வகுப்பறைக்கு இறக்கை பூட்டியது போன்றது எனலாம். பசிபிக் சமுத்திரத்தின் நெடுந்தொலைவுகளைத் தாண்டிக் குண்டு வீசச் செல்லும் விமானங்களுக்கு வழிகாட்டிகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டனர். 1940 முதல் 1945 வரை அமெரிக்கத் தொழிற்சாலைகள் ஏறத்தாழ மூன்று இலட்சம் விமானங்களை உற்பத்தி செய்தன. இயந்திரம் அந்த வேகத்தில் வெளிவருமாயின் அதனை இயக்கும் மனிதனும் அதே வேகத்தில் ‘உற்பத்தி’ செய்யப்படல் வேண்டும். ஆண்டுக்கணக்கிற் கைவரும் திறன் வாரக்கணக்கிற் புகட்டப்பட்டது. மலையும் பனியும் தனிமனிதத் தவறும் விபத்துக்களின் உடனடிக் காரணங்களாயிருக்கலாம். அவை ஆயிரக்கணக்கிற் பெருகியமைக்கான காரணம் இவ்வேகத்திலேயே உள்ளது. பாசிசத்துக்கெதிரான அப்போர் தவிர்க்கமுடியாதது என்பதை நாம் மறுக்கவில்லை. அதன் விலையை யார், எவ்விடத்திற் செலுத்தினர் என்பதையே கேட்கின்றோம்.

1947 இல், சியெரா நெவாடா மலைத்தொடரில் மெண்டெல் சிகரத்தை அடுத்த பனியாற்றில் மலையேறிகள் விமானச் சிதைவுகளைக் கண்டனர். அவ்விடம் தளத்திலிருந்து தென்கிழக்கே 250 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. செல்லவேண்டிய திசைக்கு ஏறத்தாழ எதிர்த்திசை! வழிகாணப் பயின்றோர் வழி தவறியது எங்ஙனம் என்பதற்கு விடைகூறுவார் எவரும் எஞ்சவில்லை. கிடைத்த சொற்ப எச்சங்கள் சான் புறூனோவிலுள்ள இராணுவ மயானத்தில், நால்வர் பெயரும் பொறித்த ஒரே கல்லின் கீழ்ப் புதைக்கப்பட்டன. அத்துடன் கோவை மூடப்பட்டது.

ஆனாற் பனியாறு அசையும் பொருள். 2005 ஒக்டோபரில், பனி உருகி விலகிய இடத்தில், சீருடையுடனும் விரியாத பரசூட்டுடனும் ஓர் உடல் வெளிப்பட்டது. ஹவாயிலுள்ள இராணுவ ஆய்வுகூடம் அதனை மஸ்டோனனின் உடல் என 2006 இல் இனங்கண்டது. பின்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனான அவர் மினசோட்டாவிலுள்ள தம் பிறந்த ஊரான பிறெய்னேடில் அடக்கம் செய்யப்பட்டார். அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்த அச்செய்தியைக் கேட்கப் பெற்றோர் இருக்கவில்லை. 2007 இல், இவ்விபத்தை ஆராய்ந்துகொண்டிருந்த பீற்றர் ஸ்ரெக்கல் என்ற எழுத்தாளர் அண்மையிலேயே இன்னோர் உடலைக் கண்டார். அது ஏர்னஸ்ட் மன்னுடையது. அவருடைய சகோதரிமார் முதுமையெய்தியும் உயிருடன் இருந்தனர். 2008 இல் ஒஹாயோவில் தம் தமையனை அடக்கம் செய்தனர்.

1948 இல் ஒரு கல்லுடன் திருப்தியுற்ற அரசு, 2005 இல் ஒரு பயிலுநனின் பெயரைக் கண்டறிய விஞ்ஞானிகளை ஈடுபடுத்தியமை வெறும் தொழில்நுட்ப வளர்ச்சியின் விளைவன்று. ஹவாய் ஆய்வுகூடம் 1976 இல் நிறுவப்பட்டது. வியட்நாமிற் காணாமற்போனோரின் குடும்பங்கள் எழுப்பிய கோரிக்கைகள் ஓர் அரசியற் சக்தியாக மாறியிருந்த காலம் அது. அதாவது, இறந்தவனுக்குப் பெயர் வழங்கும் உரிமையும் போராடியே பெறப்பட்டது. அதே யுத்தத்தில் வியட்நாமியர் இலட்சக்கணக்கானோர் காணாமற்போயினர். அவர்தம் எலும்புகளுக்கு அத்தகைய ஆய்வுகூடம் நெடுங்காலம் வாய்க்கவில்லை என்பதையும் இங்கு குறித்தல் தகும்.

மன்னுக்கும் மஸ்டோனனுக்கும் தனிக் கல்லறைகள் கிடைத்தன. காம்பருக்கும் மோட்டென்சனுக்கும் அந்தப் பொதுக் கல்லே உள்ளது.