நிழல் என்ன கலர்?

நிழல் என்ன கலர்னு கேட்டா, கறுப்புன்னு டக்குன்னு சொல்வோம், இல்லையா?

1868-69 குளிர்காலம். பிரான்சில் எத்ரெத்தா ஊர்ப்பக்கம். 28 வயசு குளோத் மோனே ஒரு கிராமத்துக் காட்சியை வரையறார். பனி மூடின நிலம், ஒரு வேலி, அதோட படல் மேல தனியா ஒரு மேக்பை பறவை. படத்தோட பேரும் ‘மேக்பை’தான். ஆனா கண்ணு போறது பறவைகிட்ட மட்டும் இல்ல; பனியில் விழுந்த வேலி நிழல்கிட்டயும்தான். அது நீலம்!

ஏன்? வேலி மறைக்கிறது சூரியனை, வானத்தை இல்ல. நிழலுக்குள்ளேயும் நீல வானத்தோட வெளிச்சம் வந்துக்கிட்டே இருக்கு. வெள்ளைப் பனி அதைக் காட்டிக்கொடுத்துடுது.

1869-ல் பாரிஸின் சலோன் கண்காட்சி இந்தப் படத்தை நிராகரிச்சது. அன்னிக்கு ஓவியருக்குப் பேரும் வருமானமும் வர்ற பெரிய வாசல் அது. மோனே காசுக்குத் திண்டாடின காலம் வேற. ஆனாலும் நிழல்ல கலர் தேடுறதை அவர் விடல. இன்னிக்கு அந்தப் படம் பாரிஸின் ஒர்சே அருங்காட்சியகத்தில் இருக்கு.

வானம் தெளிவா இருக்கிற ஒரு நாள், வெயில்ல வெள்ளைத் தாள் ஒண்ணு வைங்க. அதுமேல விழுற நிழலை நிதானமா பாருங்க. கறுப்புதானா?