எடை வைப்பதற்கு முன்: விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளை முன்வைத்து அதிவேக மோட்டார் ரோட்டார்களின் அதிர்வு பற்றிய ஆய்வு

முன்னுரை

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை மோட்டார் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மூலப்பொருளை அரைக்கும் பால் மில். ஆனால் பால் மில் உருளை மெதுவாகச் சுழல்வது. பெல்ட்டும் கியரும் மோட்டாரின் வேகத்தைக் குறைத்தே அதற்குத் தருகின்றன. அதிர்வுச் சிக்கலை நுணுகிப் பார்க்க ஏற்ற இடம், சூளைக்குக் காற்றூட்டும் பிளோயர். இரு துருவ மோட்டாரின் ஷாஃப்ட்டிலேயே விசிறிச் சக்கரத்தை மாட்டி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,880 சுற்றில் ஓட்டப்படும் அமைப்பு இது. பிளோயர் அதிர்ந்தால் ரோட்டாரைக் கழற்றி பேலன்சிங்குக்கு அனுப்புவதே பட்டறை வழக்கம். இந்த வரிசை தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். சமன்செய்தல் கடைசிப் படியாக வரவேண்டும். அதற்கு முந்தைய படிகளுக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. களிமண் தூசு பறக்கும் ஊரில் அந்தப் படிகளைத் தாண்டிச் செல்வது பழுதை வளர்க்கவே செய்யும்.

இரண்டரை கிராமின் கணக்கு

சமனற்ற ரோட்டார் பேரிங்கின் மீது செலுத்தும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. நான்கு துருவ மோட்டாரில் 1,440 சுற்றில் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறை, 2,880 சுற்றில் நான்கு மடங்கு விசையாகிறது. அனுமதிக்கத்தக்க சமனின்மையை ஐ.எஸ்.ஓ. 1940 தரம் வகைப்படுத்தியிருந்தது. இன்று அதன் இடத்தில் ஐ.எஸ்.ஓ. 21940-11 உள்ளது. விசிறிகளுக்கு ஜி 6.3 தரமும், ஷாஃப்ட் உயரம் 80 மி.மீ.க்குக் குறையாத, 950 சுற்றுக்கு மேல் ஓடும் மோட்டார்களுக்கு அதைவிடக் கடுமையான ஜி 2.5 தரமும் பொருந்தும்.

எடுத்துக்காட்டாக, ரோட்டாரும் சக்கரமும் சேர்ந்து 25 கிலோ, சக்கரத்தின் ஆரம் 200 மி.மீ. என்று கொள்வோம். 2,880 சுற்றில் ஜி 6.3 அனுமதிக்கும் மைய விலகல் ஏறத்தாழ 21 மைக்ரான். சக்கர விளிம்பில் கணக்கிட்டால் இது வெறும் 2.6 கிராம். இலைகளில் படிந்து இறுகிய களிமண் அடையிலிருந்து 20 கிராம் துண்டு ஒன்று மட்டும் உதிர்ந்தால், அனுமதி அளவைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு சமனின்மை அந்த நொடியே உண்டாகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் திசைமாறும் 37 கிலோ இழுப்பு விசைக்கு அது சமம். ரோட்டாரில் எந்தக் குறையும் இல்லாமலே இது நிகழ்கிறது.

தூசை அகற்றாமல் எதிர்ப்பக்கம் எடை பற்றவைத்தால் அன்றைக்கு அதிர்வு அடங்கும். பின்னொரு நாள் சக்கரத்தைக் கழுவும்போது அடை போய்விடும், எடை மட்டும் நிற்கும். அப்போது அந்த எடையே சமனின்மை. பேலன்சிங் செய்து சில வாரங்களில் மறுபடியும் அதிர்கிறது என்ற புகார் எழுந்தால், முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

ஒரே அதிர்வெண், பல காரணங்கள்

சுழற்சி அதிர்வெண்ணில் தோன்றும் அதிர்வெல்லாம் சமனின்மை என்று கொள்வது இரண்டாவது பிழை. வளைந்த ஷாஃப்ட், கப்ளிங் வழி இணைந்த இயந்திரங்களில் அலைன்மெண்ட் தவறிய கப்ளிங், இயல்பதிர்வெண்ணில் ஒத்ததிரும் இரும்புத் தாங்கி ஆகியவையும் அதே அதிர்வெண்ணில் பேசக்கூடியவை. இவற்றைப் பிரித்துக்காட்டுவது அதிர்வின் அளவைவிட அதன் கட்டக்கோணம் (ஃபேஸ்). சமனின்மை ஆதிக்கம் செலுத்தும் பேரிங்கில் கிடைமட்ட, செங்குத்து அளவீடுகள் ஏறத்தாழ 90 பாகை விலகி நிற்கும். வளைந்த ஷாஃப்ட்டில் இரு முனைப் பேரிங்குகளின் அச்சுவாட்டு அதிர்வுகள் 180 பாகை எதிரெதிராக இருக்கும். கப்ளிங் தவறினால் அதே எதிர்நிலை கப்ளிங்கின் இருபுறமும் தோன்றும்.

மின்காரணங்களைக் கண்டுபிடிப்பது இதைவிட எளிது. சுவிட்சை அணைத்த கணமே அதிர்வு சட்டென்று விழுந்தால் காரணம் காந்தப்புலம். வேகத்தோடு மெல்லக் குறைந்தால் காரணம் இயந்திரத்தில் உள்ளது. நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் காந்த இழுப்பு 100 ஹெர்ட்ஸில் வரும். குறைந்த சுமையில் 2,970 சுற்றில் ஓடும் இரு துருவ மோட்டாரின் இரட்டைச் சுழற்சி அதிர்வெண் 99 ஹெர்ட்ஸ். இவ்விரண்டும் கலந்தால் வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் உறுமல் கேட்கும். ஒரு வினாடிக்கும் குறைவான பதிவில் இவை ஒரே முகடாகத் தெரிந்து ஆய்வாளரை ஏமாற்றும். தெளிவாகப் பிரிக்கச் சில வினாடிகளாவது பதிவுசெய்ய வேண்டும்.

இந்த 100 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு ரீவைண்டிங் செய்தவரையே குறைசொல்வதும் சரியாகாது. மோட்டாரின் நான்கு கால்களில் ஒன்று தளத்தில் படியாமல் நின்று, போல்ட்டை இறுக்கும்போது ஸ்டேட்டர் உடல் முறுக்கிக்கொண்டால், ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையிலுள்ள காற்றிடைவெளி ஒருபுறம் குறுகும், இழுப்பு கோணலாகும். ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனியே தளர்த்தி டயல் கேஜில் பார்த்தால், 0.05 மி.மீ.க்கு மேல் எழும் கால் எதுவென்று தெரிந்துவிடும். தீர்வு ஒரு ஷிம் தகடு.

வேகத்தை மாற்றும் டிரைவ்கள் வந்தபின் வேறு இரண்டு சிக்கல்களும் சேர்ந்துள்ளன. காற்றளவைக் குறைக்க வேகத்தைத் தணிக்கும்போது, அது தாங்கியின் இயல்பதிர்வெண்ணில் போய் உட்காரலாம். அங்கே வைக்கும் எடை அந்த ஒரு வேகத்துக்கு மட்டுமே பயன்படும். மேலும் டிரைவால் எழும் ஷாஃப்ட் மின்னோட்டம் பேரிங்கின் ஓடுபாதையில் வரிவரியாகக் குழி பறிக்கும். இதற்கு மருந்து மின்காப்புள்ள பேரிங். அதிவேக ஸ்பிண்டில்களில் சிலிக்கான் நைட்ரைடு என்னும் செராமிக் குண்டுகள் இடம்பெற இதுவும் ஒரு காரணம். அவற்றின் அடர்த்தி எஃகின் ஐந்தில் இரண்டு பங்கே என்பது மற்றொன்று.

கட்டக்கோணம் இல்லாத அளவீடு

சமனின்மைதான் காரணம் என்று உறுதியான பிறகும் அளவை மட்டும் பார்த்து எடை வைப்பது வீண். ஒரு கணக்கைப் பார்ப்போம். தொடக்க அதிர்வு வினாடிக்கு 6 மி.மீ., கட்டக்கோணம் 0 பாகை. சோதனைக்காக 5 கிராம் எடை வைத்து ஓட்டினால் மறுபடியும் 6 மி.மீ., ஆனால் கோணம் 60 பாகை. அளவை மட்டும் காட்டும் மீட்டரை வைத்திருப்பவர், எடையால் ஒன்றும் ஆகவில்லை என்று அதைக் கழற்றிவிடுவார். வெக்டராகக் கழித்துப் பார்த்தால் அந்த எடையின் விளைவு 120 பாகையில் 6 மி.மீ. அதே 5 கிராமை உரிய திசையில் 60 பாகை நகர்த்தினால் தொடக்க அதிர்வு முழுதும் நீங்கும். கட்டக்கோணத்தை அளக்கும் கட்டமானி இல்லாத இடத்தில் நான்கு ஓட்ட முறை உண்டு: எடையின்றி ஒருமுறை, பிறகு ஒரே எடையை 120 பாகை இடைவெளியில் மூன்று இடங்களில் மாற்றி வைத்து மூன்று முறை ஓட்டி, அளவுகளை வட்டங்களாக வரைந்தால் விடை கிடைக்கும்.

நீண்ட ரோட்டாருக்கு ஒரு தளத்தில் சமன்செய்தல் போதாது. இரு முனைகளிலும் எதிரெதிராக உள்ள குறையைக் கத்திமுனைத் தாங்கியில் உருட்டிக் காணமுடியாது. இன்னும் மேலே, நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று ஓடும் ஸ்பிண்டில்களில் ஷாஃப்ட்டே வளையத் தொடங்குகிறது. அந்த வளைவு உச்சமடையும் மாறுநிலை வேகத்தைத் தாண்டி நிலையாக ஓடமுடியாது என்று 1869இல் ராங்கின் கருதினார். அதைத் தாண்டி ஓடும் டர்பைனைச் சுவீடனின் லாவல் உருவாக்கினார். 1919இல் ஜெஃப்காட் அதற்குத் தெளிவான கோட்பாட்டு விளக்கம் தந்தார். அவ்வேகத்தைக் கடக்கும்போது கட்டக்கோணம் 180 பாகை திரும்பிவிடுகிறது. ஆகவே குறைந்த வேகத்தில் சமன்செய்த ரோட்டார் முழுவேகத்தில் அடங்கி ஓடும் என்று இங்கே உறுதிகூற இயலாது.

மறுப்பும் விடையும்

விசிறிகளில் சமனின்மையே மிகுதியாகக் காணப்படும் காரணம். எனவே முதலில் அதையே சரிசெய்வது சிக்கனம் என்று வாதிடலாம். முற்பாதி உண்மை. ஆனால் சமனின்மை எதனால் வந்தது என்று கேட்காமல் எடை வைத்தால், மேலே கண்ட தூசு அடையின் கதைதான் மீளும். ரோட்டாரைத் தனியே கழற்றி அனுப்புவதிலும் சிக்கல் உண்டு. மோட்டாரை அதன் ஷாஃப்ட் பள்ளத்தில் அரைச்சாவியோடு சமன்செய்து, சக்கரத்தை முழுச்சாவிக் கணக்கில் சமன்செய்திருந்தால், இரண்டும் தனித்தனியே சரியாக இருந்தும் சேர்த்தபின் அதிரும். ஷாஃப்ட் முனையில் பொறிக்கப்படும் எச் (அரைச்சாவி), எஃப் (முழுச்சாவி) குறிகளைப் படித்துவிட்டு அனுப்பினால் இந்தச் செலவு மிச்சம்.

முடிவுரை

ஆகவே பட்டறைக்குரிய வரிசை இதுவாக வேண்டும்: சக்கரத்தைத் துடைத்தல், கால் போல்ட்டுகளைச் சோதித்தல், சுவிட்சை அணைத்துப் பார்த்தல், கட்டக்கோணம் அளத்தல், அதன்பின் இயந்திரம் நிற்கும் இடத்திலேயே சமன்செய்தல். முதல் மூன்றையும் எந்த ஃபிட்டரும் செய்யலாம். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் ஒவ்வொரு பட்டறையும் கருவி வாங்கத் தேவையில்லை. தொழிற்பேட்டைக்குப் பொதுவாக ஒரு கட்டமானியும் ஒவ்வொரு பிளோயருக்கும் ஓர் அதிர்வுக் குறிப்பேடும் போதும். பொது வசதிக்கு நிதி ஒதுக்குவோர் பேலன்சிங் இயந்திரத்துக்கு முன் இவற்றை வாங்கட்டும். விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்களுக்குச் சூளையின் வெப்பநிலைப் பதிவேட்டோடு பிளோயரின் அதிர்வுப் பதிவேட்டையும் எழுதப் பழக்கினால், எந்த ரோட்டாரைக் கழற்றவேண்டும், எதைத் துடைத்தாலே போதும் என்பதை அந்தப் பதிவே சொல்லும்.