விதியும் அருளும்: கிறித்தவ அருட்கொள்கை தமிழகம் புகுந்த வரலாறு

சவ்வாது மலையின் அடிவாரத்தே, வாணியம்பாடிக்கு அணித்தாய் அமைந்த ஊர் ஆலங்காயம். இவ்வூர் அடங்கிய நிலப்பகுதிக்கும் ஐரோப்பாவில் ஐந்நூறு ஆண்டுகட்கு முன் எழுந்த ஒரு பெருஞ் சமய வாதத்திற்கும் தொடர்பு உண்டு. இலைப்சிக் சபையினின்று பிரிந்த தியோடர் நேத்தர், பிரான்ஸ் மோன் என்னும் செருமானியப் போதகர் இருவர், அமெரிக்க நாட்டு மிசௌரி லூத்தரன் சபையின் சார்பில், 1895-ல் கிருட்டிணகிரியில் தம் பணியைத் தொடங்கினர். அப்பணி பின்னர் ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களிலும் பரவிற்று. மனிதன் வீடு பெறுவது சமய விதிகளை வழுவாது ஒழுகுதலால் அன்று, இறைவன் அருளை விசுவாசத்தால் ஏற்றலால் மட்டுமே என்பது அவர் கொணர்ந்த கொள்கையின் உயிர்நிலை.

இக்கொள்கையின் தோற்றம் கிறித்தவத்தின் தொடக்க நாளிலேயே உளது. யூதரல்லாதார் கிறித்துவை அடையுங்கால் விருத்தசேதனம் முதலிய மோசேயின் விதிகளையும் மேற்கொள்ளல் வேண்டுமோ என்னும் வினா, கி.பி. 49-ஐ ஒட்டி எருசலேமிற் கூடிய அவையில் ஆராயப்பட்டது. வேண்டுவதில்லை என வாதித்தவருள் தலையாயவர் பவுல். கலாத்தியர்க்கும் உரோமர்க்கும் அவர் வரைந்த நிருபங்கள் இக்கருத்தையே நிலைநாட்டுவன. ஐந்தாம் நூற்றாண்டில், மனிதன் தன் முயற்சியால் நன்னெறி நிற்றல் கூடும் என்ற பெலாகியரை அகுஸ்தீன் மறுத்தார். 418-ல் கார்த்தேசிற் கூடிய சபை பெலாகியர் கொள்கையை விலக்கிற்று. 1505-ல் மடம் புகுந்து, நோன்பாலும் தவத்தாலும் அமைதி காணாது வருந்திய மார்ட்டின் லூத்தர், பவுலின் நிருபங்களிற் புகலிடம் கண்டார். அவர் 1517-ல் தொடங்கிய வாதம் 1530-ல் அவுக்சுபுர்க்கு அறிக்கையாக முதிர்ந்தது. உரோமச் சபையோ 1547-ல் திரெந்து சங்கத்தில் தன் மறுப்பை வெளியிட்டது.

லூத்தரின் வழிவந்த சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் அச்சேறி முடிந்தது. அக்கொள்கையைத் தமிழிற் கூறுதற்குச் சொல் தேடும் இடர்ப்பாடு அன்று தொட்டே தொடர்ந்தது. கத்தோலிக்கர் வழக்கில் ‘வரப்பிரசாதம்’ பயின்றது. சீர்திருத்தச் சபையார் ‘கிருபை’ என்றனர். மோசேயின் விதி ‘நியாயப்பிரமாணம்’ எனப்பட்டது. சைவ நூல்களில் வேரூன்றிய ‘அருள்’ என்னும் சொல்லோ, 1995-ல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அப்பொருட்கு உரியதாய் அமைந்தது. இச்சொல் வரலாறு சிறிதன்று. ஒரு சமயத்தின் நடுநாயகமான கருத்தை உணர்த்தப் பிறிதொரு சமயம் போற்றிய சொல்லே வேண்டப்பட்டது எனின், அவ்விரண்டும் அடியில் முற்றும் அயலானவை அல்ல என்பது பெறப்படும்.

ஆயின், இந்நாட்டுச் சமயங்கள் யாவும் செயலால் வீடு தேடுவனவே, அருளை அறியாதன என்று போதகர் பலர் நெடுநாள் கூறிவந்தனர். அக்கூற்றைத் தளர்த்தியவருள் போதகரும் உளர் என்பது நினையத்தக்கது. யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த ஒய்சிங்டன் 1854-ல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1895-ல் சே. எம். நல்லசாமிப் பிள்ளை அந்நூலைத் தம் விளக்கத்தோடு மீண்டும் ஆங்கிலப்படுத்தினார். போப்பையர் 1900-ல் திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்டார். இலைப்சிக் சபைப் போதகரான சோமெருசு 1912-ல் சைவ சித்தாந்தத்தைப் பற்றிச் செருமானிய மொழியிற் பெருநூல் ஒன்று இயற்றினார். 1930-ல் உருடோல்பு ஓட்டோ, வைணவத்தைச் சிறப்பாகக் கொண்டு, இந்தியாவின் அருட்சமயத்தைக் கிறித்தவத்தோடு ஒப்பிட்டு நூல் எழுதினார். ‘அருளை அறியாதன’ என்னும் கூற்று இவற்றின் முன் நிற்கவில்லை.

சித்தாந்தத்தின் நிலை யாது? ஆணவ மலத்தாற் பிணிப்புண்ட உயிர் தன்னைத் தானே விடுவித்தல் இயலாது. இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்திய காலத்துச் சத்திநிபாதம் நிகழ, இறைவன் குருவாய் வந்து ஆட்கொள்கின்றான். அப்பரிபாகத்தையும் திரோதான சத்தியாய் மறைந்து நின்று நிகழ்விப்பது அருளே. உமாபதி சிவம் நூறு குறட்பாக்களால் ஆகிய தம் நூலுக்குத் திருவருட்பயன் என்றே பெயரிட்டார்.

விதியைக் கடந்த அருளுக்குச் சேக்கிழார் காட்டும் சான்று கண்ணப்பர். ஆகம விதிப்படி பூசித்த சிவகோசரியார்க்கு, விதியறியா வேடரின் அன்பைக் காட்டி இறைவன் தெளிவித்தான். ஆயினும் சிவகோசரியாரின் பூசையை அவன் இகழ்ந்திலன். உமாபதி சிவத்தின் வரலாறும் இத்தகையதே. விறகு கொணர்ந்த பெற்றான் சாம்பானுக்குக் குலம் நோக்காது தீக்கை செய்து முத்தியருளுமாறு தில்லைக் கூத்தன் திருமுகம் விடுத்தான் என்பது சைவர் வழிவழிக் கேட்டுவரும் செய்தி.

வேற்றுமையும் மறைத்தற்குரியதன்று. கிறித்தவர்க்கு அருள் சிலுவை என்னும் ஒரு வரலாற்று நிகழ்ச்சியில் வெளிப்பட்டது. அதனை நம்புவோன் இப்பிறவியிலேயே நீதிமானாக எண்ணப்படுகின்றான். சைவர்க்கு அருள் அநாதியே உயிரோடு உடனாய் நின்று, பல பிறவிகளினூடே அதனைப் பக்குவப்படுத்துகின்றது. ஆண்டுப் பாவத்திற்கு மன்னிப்பு. ஈண்டு மலத்தினின்று நீக்கம்.

அருளே வீடு தருமெனின் ஒழுக்கம் எற்றுக்கு என்னும் ஐயம் இரு சாராரையும் வருத்திற்று. விதியே இனி வேண்டா என்ற அகிரிக்கோலாவை 1537 முதல் லூத்தரே எதிர்த்து வாதிட்டார். நல்ல மரம் நற்கனி தருதல் போல, நற்செயல் அருளின் விலையன்று, பயனே என்பது அவர் விடை. மெய்கண்டாரும் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், முத்தி பெற்றோனும் அடியாரொடு கூடி, அவர் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனத் தொழுவான் என விதித்தனர். சரியையும் கிரியையும் அருளை வாங்கும் பொருளல்ல. அருள் உயிரை நடத்தும் வழிகளாம்.

1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், அவுக்சுபுர்க்கு நகரில், உலக லூத்தரன் கூட்டமைப்பும் உரோமச் சபையும் இப்பொருள் பற்றி ஓர் ஒப்பந்த அறிக்கையிற் கையெழுத்திட்டன. அருளாலேயே மனிதன் ஏற்கப்படுகின்றான், அவ்வேற்பு நற்செயலாய் மலர்கின்றது என்பதில் இரு சபையும் ஒருப்பட்டன. நானூற்றைம்பது ஆண்டுகட்குமேல் பிரிந்து நின்றோர் ஒருவர் சொல்லை ஒருவர் பொறுமையோடு கேட்டபின் எய்திய நிலை இது. மிசௌரி சபை இவ்வறிக்கையை ஏற்றிலது என்பதும் வரலாறே. சவ்வாது மலைச் சாரலில் சிவாலயமும் தேவாலயமும் உடையராய் வாழ்வோர்க்கும் அப்பொறுமையே வேண்டுவது. பிறர் சமயத்தை வெறும் விதியெனவும் தம் சமயத்தை மட்டும் அருளெனவும் கொள்வோர், தாம் பெற்ற அருளையே தமக்குரிய தகுதியாக்கி விடுகின்றனர். அத்தகுதிச் செருக்கே ஆணவம் என்க.