இயந்திரத்துக்குத் தொடு உணர்வு வந்த கதை



உங்களில் சிலர் கோவையிலும் ஓசூரிலும் சிஎன்சி இயந்திரத்தில் வேலை பார்க்கிறீர்கள். மற்றவர்களுக்கும் புரியும்படி அந்த இயந்திரத்தின் வரலாற்றில் ஒரு பக்கத்தை இன்று சொல்கிறேன். சற்று நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1952-ல் அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கூடத்தில், துளையிட்ட நாடாவில் உள்ள எண்களைப் படித்துத் தானே இயங்கும் மில்லிங் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். அந்த யோசனைக்கு விதை போட்டவர் ஜான் பார்சன்ஸ். சொன்ன இடத்துக்கு அந்த இயந்திரம் சரியாகப் போகும். ஆனால் இரண்டு விஷயங்கள் அதற்குத் தெரியாது. மாட்டியிருக்கும் டூல் எவ்வளவு நீளம்? அது முழுசாக இருக்கிறதா, உடைந்துவிட்டதா?

முதல் கேள்விக்குத் தொழிலாளியின் விரல்தான் பதில் சொன்னது. டூலுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, டூலை மெல்ல இறக்குவார். காகிதம் இழுபடும் இடத்தில் நிறுத்தி, அளவைக் குறித்து இயந்திரத்தில் பதிவார். இருபது டூல் இருந்தால் இருபது முறை. ஓர் எண் மாறிப் பதிந்தாலும் டூல் வேலைப்பொருளில் போய் மோதும்.

இரண்டாவது கேள்விக்கு அவர் காதுதான் பதில். சத்தம் மாறினால் ஓடி வந்து நிறுத்துவார். அவர் கவனிக்காத நேரத்தில் மெல்லிய டிரில் உடைந்தால், துளையே இல்லாத இடத்தில் அடுத்து மரை வெட்டும் டேப் இறங்கி, அதுவும் உடையும்.

இதற்கு வழி பிறந்தது ஒரு விமானத்தால். பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கிய கான்கார்டின் ஒலிம்பஸ் எஞ்சினில் மெல்லிய எரிபொருள் குழாய்கள் இருந்தன. அளவுகோல் முனையை அழுத்தினால் குழாயே வளைந்து, அளவு தப்பும். ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்த டேவிட் மெக்மர்ட்ரி 1972-ல் இதற்கு ஓர் எளிய கருவி செய்தார். டப்ளினில் பிறந்த அவர், தொழில் பழகுநராக வேலையைத் தொடங்கியவர்.

கருவியின் தத்துவத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே விளக்கலாம். மூன்று சிறு உருளைகள், ஒவ்வொன்றும் இரண்டு குண்டுகள் மேல் உட்கார்ந்திருக்கும். அவற்றின் வழியே மின்சாரம் ஓடும். முனை எதையாவது மெல்லத் தொட்டால் போதும், ஓர் உருளை அசையும், மின்தொடர்பு விடும். அந்தக் கணத்தில் இயந்திரம் தன் இடத்தைக் குறித்துக்கொள்ளும். பிறகு ஒரு ஸ்பிரிங் முனையைப் பழைய இடத்திலேயே அமர்த்தும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். அந்த அளவு நுட்பம் இதற்கு உண்டு.

1973-ல் ஜான் டீர் என்பவருடன் சேர்ந்து அவர் ரெனிஷா நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு இதே தொடு உணர்வு சிஎன்சி இயந்திரத்துக்குள்ளும் நுழைந்தது. மேசையில் கருவி இருக்கும், டூல் வந்து அதைத் தொடும், நீளம் தானே பதிவாகும். காகிதத் துண்டுக்கு வேலை இல்லை. வெட்டி முடித்ததும் டூல் மறுபடி வந்து தொட வேண்டும். தொட வேண்டிய இடத்தில் தொடவில்லையென்றால் உடைந்துவிட்டது என்று பொருள். இயந்திரம் நிற்கும், அல்லது மாற்று டூலை எடுத்துக்கொள்ளும். மிக மெல்லிய டூல்களுக்கு லேசர் ஒளிக்கற்றை வந்தது. டூல் கற்றையை மறைக்கிறதா என்று பார்த்தே அளந்துவிடும்.

"அப்படியானால் மனிதன் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கவலைதான். முன்பு ஓர் இயந்திரத்துக்கு ஒருவர் காவல் நின்றார். இப்போது ஒருவரே பல இயந்திரங்களைப் பார்க்கிறார். அதில் சிலர் வேலை போனது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் டூல் உடைந்தது என்று மட்டும்தான் கருவி சொல்லும். ஏன் உடைந்தது? வேகம் அதிகமா, கூலன்ட் போகவில்லையா, இரும்பு கடினமா? அதைக் கண்டுபிடிக்க, வேலை தெரிந்த ஆள்தான் வேண்டும்.

ஆகவே பட்டறையில் இருக்கும் பிள்ளைகளே, பட்டன் அழுத்த மட்டும் பழகாதீர்கள். மூத்த தொழிலாளிகளிடம் அந்தக் காதையும் விரலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் ஓய்வு பெற்றுப் போனபின் கேட்க ஆள் இருக்காது.

உங்கள் பட்டறையில் இது எப்படி நடக்கிறது என்று கீழே எழுதுங்கள். இந்த வயதிலும் தெரிந்துகொள்ள ஆசை.

நலமுடன் வாழ்க.